மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சை மாவட்டத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று, நேரடி நெல் கொள்முதல் நிலையம். அறுத்த குறுவை நெல் ஈரம் காயாமல் சாலையோரம் குவிந்து கிடக்க, தார்ப்பாயை இழுத்து மூடியபடி விவசாயிகள் காவல் இருப்பார்கள். இன்னொன்று, மருந்துக்கடை. குடையை மடக்கிவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாய் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “ரெண்டு நாளா சளிங்க, நெஞ்செல்லாம் கட்டிக்கிட்டு இருக்கு. போன தடவை வெள்ளைப் பொடியில தண்ணி கலந்து குடுக்கற சிரப் ஒண்ணு குடுத்தீங்களே, அதையே குடுங்க தம்பி.”

கடைக்காரர் கொடுத்துவிடுகிறார். புட்டிக்குள் இருப்பது அசித்ரோமைசினாக இருக்கலாம், செஃபிக்சிமாக இருக்கலாம், அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்த்ததாகவும் இருக்கலாம். மூன்று நான்கு நாளில் பிள்ளை தேறிவிடும். மருந்து குடித்ததால்தான் தேறியது என்று வீடு நம்பும். குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே நாளில் தேறியிருக்கும் என்று அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்றைய சொற்பொழிவின் பொருளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். டெல்டாக் குழந்தைக்கு நிமோனியா வந்தால் காப்பாற்றக்கூடிய, விலை மலிந்த, பழைய, நல்ல மருந்து ஒன்று இன்னும் கையில் இருக்கிறது. அமாக்சிசிலின். தேவையில்லாத இடத்தில் கொடுத்தும், தேவையான இடத்தில் அரைகுறையாகக் கொடுத்தும், அதைவிடப் பலம் குறைந்தவற்றை ‘பெரிய மருந்து’ என்று நம்பி வாங்கியும் அந்த மருந்தை இந்தச் சமூகம் இழந்துகொண்டிருக்கிறது. இழக்காமல் தடுக்க முடியும். அதற்கான முதல் கருவி தாயின் கண்ணும் ஒரு கடிகாரமும்தான்.

குழந்தைகளின் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடவே தொடாது. சாதாரணச் சளியை விடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிய நிமோனியாவிலும் வைரஸின் பங்கு பெரிது. வங்கதேசம், தாய்லாந்து, கென்யா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ‘பெர்ச்’ ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. கடும் நிமோனியாவோடு வந்த குழந்தைகளில் 61 விழுக்காட்டுக்கு வைரஸ் காரணம். பாக்டீரியா 27 விழுக்காடு. ஆர்.எஸ்.வி. என்ற ஒரே வைரஸ் மட்டும் 31 விழுக்காடு. மூக்கில் வழியும் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் தேவை என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. வைரஸ் சளியும் மூன்றாம் நான்காம் நாளில் நிறம் மாறும். அது உடலின் வெள்ளணுக்கள் வேலை செய்வதன் அடையாளம்.

“தேவையில்லை என்றால் கொடுத்தால்தான் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

டெல்டா விவசாயிக்கு இதன் விடை தன் வயலிலேயே தெரியும். தத்துப்பூச்சி நாலைந்து தென்பட்டதும் பயந்துபோய்ப் பைரித்ராய்டு மருந்தை அடித்தவர் வயலில்தான் புகையான் பின்னால் வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கியது. தத்துப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த சிலந்திகளை மருந்து கொன்றுவிட்டது. மருந்துக்குத் தப்பிய பூச்சி தடையில்லாமல் பெருகியது. குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் நடப்பது இதுவே. அங்கே எப்போதும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நிமோனியாவுக்குக் காரணமான நிமோகாக்கஸ் பல குழந்தைகளின் மூக்கின் பின்புறத்தில் நோய் எதுவும் தராமல் வாழ்கிறது. தமிழ்நாட்டின் கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே ஏறத்தாழப் பாதிப் பேரின் மூக்கில் அது குடியேறியிருந்தது. வைரஸ் சளிக்கு ஒரு புட்டி மருந்து கொடுத்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. மூக்கிலுள்ள நிமோகாக்கஸில் மருந்துக்கு மடிபவை மடிந்து, மடியாதவை மிஞ்சும். அடுத்த வாரம் அங்கன்வாடியில் ஒரு தும்மலில் அவை பக்கத்துப் பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளை ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணாலும் பார்த்திருக்காது. நிமோனியா வரும்போது அதன் நெஞ்சில் இருப்பது மருந்துக்கு அடங்காத கிருமி.

அசித்ரோமைசினில் இந்த ஆபத்து கூடுதல். மூன்று நாள், நாளுக்கு ஒரு வேளை என்பதால் வீட்டுக்கு வசதி. ஆனால் அது உடலைவிட்டு மிக மெதுவாக வெளியேறுகிறது. கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில் நாள்கணக்காகத் திசுக்களில் தங்கியிருக்கிறது. எதிர்ப்புக் கிருமியை வளர்த்தெடுக்க இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை.

நிமோகாக்கஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அறிவியல் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 1928இல் லண்டனில் ஃபிரடெரிக் கிரிஃபித் என்ற மருத்துவர், செத்துப்போன நிமோகாக்கஸின் குணத்தை உயிருள்ள நிமோகாக்கஸ் எடுத்துக்கொள்வதைக் கண்டார். அப்படிக் கைமாறும் பொருள் டி.என்.ஏ.தான் என்று 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவரது சகாக்களும் நிறுவினார்கள். பரம்பரைப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ. என்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்த உயிர் இது. அந்தத் திறமைதான் இன்று மருத்துவத்துக்கு எதிராக நிற்கிறது. தொண்டையில் அக்கம்பக்கம் வாழும் உறவுக் கிருமிகளான வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் மரபணுத் துண்டுகளை வாங்கி, தன் மரபணுவோடு தைத்துக்கொள்கிறது. பெனிசிலின் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் வடிவம் அதனால் மாறுகிறது. மருந்து ஒட்ட இடம் இல்லாமல் போகிறது. பெனிசிலினுக்கு முழுதாக அடங்காத நிமோகாக்கஸ் 1967இல் ஆஸ்திரேலியாவில் பதிவானது. அடுத்துப் பப்புவா நியூ கினியில். 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குழந்தைகளைக் கொன்றது.

இந்தியாவின் நிலையை முதலில் முறையாக அளந்து சொன்னது தமிழ்நாடு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில், நாட்டின் ஆறு மருத்துவமனைகள் 1993 முதல் 1997 வரை நிமோகாக்கஸ் நோயாளிகளைக் கண்காணித்தன. முடிவு 1999இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கிடைத்த 314 கிருமி மாதிரிகளில் பெனிசிலினுக்குச் சற்று முரண்டு பிடித்தவை நான்கே நான்கு. அதே மாதிரிகளில் கோட்ரைமாக்சசோலுக்கு அடங்காதவை 173. பாதிக்கும் மேல்!

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோட்ரைமாக்சசோல் அந்தக் காலத்தில் கிராம சுகாதாரச் செவிலியரின் பையில் இருந்த மாத்திரை. பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் அவர் எடுத்துக் கொடுத்தது அதைத்தான். விலை மலிவு, கொடுப்பது எளிது. நாடு முழுக்கப் புழங்கிய அந்த மருந்தின் கதை அரசுத் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே முடிந்துகொண்டிருந்தது. அமாக்சிசிலின் இடம்பெறும் பெனிசிலின் குடும்பம் மட்டும் தாக்குப்பிடித்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு இன்று அந்த நான்கு என்ற எண் அப்படியே இல்லை. மூளைக்காய்ச்சல் தரும் நிமோகாக்கஸில் பெனிசிலின் எதிர்ப்பு வெகுவாக ஏறிவிட்டது; மூளைக்குள் மருந்து சிறு அளவே நுழைவதால் அங்கே சிறு எதிர்ப்பும் உயிரைக் குடிக்கும். நுரையீரலில் மருந்தின் அளவு கூடுதலாகச் சேர்வதால், சரியான அளவில் கொடுத்தால் அமாக்சிசிலின் பெரும்பாலும் இன்றும் வேலை செய்கிறது.

கடையில் விற்பதோ வேறு. இந்தியாவின் தனியார் சந்தையில் 2019இல் விற்ற ஆன்டிபயாட்டிக்குகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2022இல் வெளிவந்தது. முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு, அடுத்த இடம் செஃபிக்சிம் 200 மில்லிகிராமுக்கு. பெரியவர்கள் பழகிய பழக்கம்தான் குழந்தைகளின் சிரப்பிலும் தொடர்கிறது. நிமோகாக்கஸைப் பொறுத்தவரை செஃபிக்சிம், அமாக்சிசிலினைவிடப் பலம் குறைந்தது. பெயரும் விலையும் பெரிதாக இருப்பதால் மருந்தும் பெரிது என்று எண்ணுகிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது இது வெறியாகவே மாறியது. முதல் அலையில் மட்டும் இந்தியாவில் பெரியவர்களுக்கு 3.8 கோடி வேளை அசித்ரோமைசின் வழக்கத்துக்கு மேல் விற்றதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொரோனா ஒரு வைரஸ்.

அமாக்சிசிலினைச் சரியான அளவில் கொடுப்பது என்றதும் அந்த வெள்ளைப் பொடிப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியிலோ லேபிளிலோ ஒரு அம்புக்குறி இருக்கும். காய்ச்சி ஆறவைத்த நீரை அந்தக் குறி வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கியதும் நுரை எழும். நுரை குறியைத் தொட்டதும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். நுரை அடங்கியபின் பார்த்தால் மருந்து குறிக்குக் கீழே நிற்கும். திரும்ப நீர் சேர்த்துக் குறிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கடையில் சொல்வதற்கு யாருக்கும் நேரமில்லை. கலந்த மருந்து ஏழு நாளுக்கு மேல் நிற்காது. கிளாவுலனேட் சேர்ந்ததைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மீதியை அலமாரியில் வைத்து அடுத்த மாதம் தங்கைக்குக் கொடுப்பதுதான் பல வீடுகளின் வழக்கம்.

இப்போது ஒரு கணக்கு. இது மருந்துச் சீட்டு அன்று, கணக்குக்காக மட்டும். மூச்சு வேகமாக வாங்கும் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொன்ன அமாக்சிசிலின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம். பத்து கிலோக் குழந்தைக்கு 800 மில்லிகிராம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 மில்லி புட்டியில், 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் வீதம், மொத்தம் 750 மில்லிகிராம். ஒரு நாளுக்கே பற்றாது! பழைய அளவான 40 மில்லிகிராமைக் கொண்டாலும் இரண்டாம் நாளே புட்டி காலி. “காலைல ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி” என்று அதே புட்டியை ஐந்து நாள் இழுத்தால், கிருமி சாகாத அளவிலேயே மருந்து உள்ளே போகிறது. நீரில் கரையும் 250 மில்லிகிராம் மாத்திரை இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு. கரண்டியில் கொஞ்சம் நீரோ தாய்ப்பாலோ விட்டு மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும்; நுரைக்குப் பயமில்லை, குளிர்பெட்டி வேண்டியதில்லை. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பப் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அந்த மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு நாளும் தீராமல் பார்த்துக்கொள்வது அதற்கு முடியாத வேலை அன்று.

எத்தனை நாள் கொடுப்பது? இதற்கும் இந்தியா விடை தந்திருக்கிறது. 2,188 குழந்தைகளை வைத்து நடந்த ‘இஸ்கேப்’ ஆய்வு 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கடுமையில்லாத நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்சிசிலினும் ஐந்து நாள் அமாக்சிசிலினும் ஒரே பலன் தந்தன. குணமானவர்கள் இரு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். சரியான நோய்க்கு, சரியான அளவில், குறைந்த நாள். நிறைய நாள் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது.

அப்படியானால் சரியான நோய் எது? மருந்து வேண்டிய பிள்ளையையும் வேண்டாத பிள்ளையையும் பிரித்தறிய எக்ஸ்ரே வேண்டாம். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் வேலை பார்த்த ஃபிராங்க் ஷான் போன்ற குழந்தை மருத்துவர்களின் அனுபவத்திலிருந்து உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய வழி, மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்க வேண்டும். தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையை மார்புக்கு மேல் சுருட்டிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, நின்று நின்று ஓடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி அன்று. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால், எண்ணிக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூச்சு வேகம் கூடியதெல்லாம் பாக்டீரியாவும் அன்று. இளைப்போடு, நெஞ்சில் விசில் சத்தத்தோடு வருகிற பிள்ளைகளில் பலருக்கு வேண்டியது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. ஆனால் 40, 50 என்ற எண்ணைத் தொடாத, நன்றாகப் பால் குடிக்கிற, இருமிக்கொண்டே விளையாடுகிற பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பதைத் தாயே தைரியமாகச் சொல்லலாம். வெந்நீர், தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன். இருமல் சிரப்பும் தேவையில்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் டை-எத்திலீன் கிளைக்கால் நஞ்சு ஏறத்தாழப் பாதி அளவுக்கு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தானாகவே ஆறியிருக்கக்கூடிய சளிக்குக் கொடுத்த மருந்து.

குற்றத்தைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் அன்று. மருத்துவரே சீட்டு எழுதும்போது கடைக்காரரை என்ன சொல்வது? ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாத கூட்டத்தில், எதையும் எழுதாமல் அனுப்பினால் தாய் வேறு மருத்துவரிடம் போய்விடுவார் என்ற பயத்தில், அவர் எழுதுகிறார். கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி வந்த தாய்க்கும் நாளைக்கே வேலைக்குப் போக வேண்டும். சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் ‘எச்-1’ அட்டவணையில் சேர்ந்த மருந்துகளுக்கு, செஃபிக்சிம் உட்பட, கடையில் தனிப் பதிவேடு வைத்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும். அதிகம் விற்கும் அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் வரவில்லை! இப்படிப்பட்ட கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்ததே தமிழ்நாட்டில்தான்: 2012இல் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய கூட்டத்தில் பிறந்த ‘சென்னைப் பிரகடனம்’. நடைமுறையில் முந்திக்கொண்டது பக்கத்து மாநிலம். 2018இல் தனக்கென்று செயல்திட்டம் வகுத்த கேரளம், 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதைச் செய்ய வேண்டும்.

எதிர்ப்புக் கிருமியை வெல்ல இன்னொரு வழி, அது வராமலே செய்வது. நிமோகாக்கஸ் தடுப்பூசி தனியாரிடம் ஒரு தவணைக்கு ஏறத்தாழ 3,800 ரூபாய் விற்ற காலம் உண்டு. கூலிக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாது. 2021 ஜூலையில் அது தமிழ்நாட்டில் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். அதற்குப் பத்தாண்டு முன்பே, 2011 டிசம்பரில், இன்னொரு நிமோனியாக் கிருமியான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். அமெரிக்காவில் நிமோகாக்கஸ் தடுப்பூசி வந்தபின், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் பெனிசிலினுக்கு அடங்காத கடும் தொற்று 81 விழுக்காடு குறைந்தது. எந்தப் புதிய ஆன்டிபயாட்டிக்கும் இதைச் சாதித்ததில்லை. இரண்டு தவணை போட்டுவிட்டு ஒன்பதாம் மாதத் தவணையை விட்டுவிடும் குடும்பங்களைத் தேடிப் போவது, செவிலியர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மருந்து எதிர்ப்புத் தடுப்பு வேலை.

ஆற்றையும் சொல்லியாக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் காவிரி நீரைச் சோதித்து 2021இல் அறிவித்தபோது, வலி மருந்துகளோடு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதில் இருந்தது. குழந்தைகளின் நிமோனியாவுக்கு இதை நேராக முடிச்சுப் போட முடியாது. ஆனால் வாய்க்கால் வரை வரும் நீரில் மருந்து கலக்கிறது என்றால், அதற்குப் பழகும் கிருமிகளும் கூடவே வரும்.

கடைசியாக, தஞ்சாவூர் தன்னளவில் செய்யக்கூடிய ஒன்று. நன்கொடையால் மருத்துவம் வளர்த்த ஊர் இது. ராசா மிராசுதார் மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டில் செல்வர்களின் கொடையில் எழுந்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் சரபோஜி தன்வந்தரி மகாலில் மருந்துகளைச் சோதிக்க வைத்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. என்ன நோய், என்ன மருந்து, என்ன பலன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மருந்து எதிர்ப்புக்குக் கொண்டுவர வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. டெல்டாவின் தலைமாட்டில் திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி, மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் தேசிய வலையமைப்பில் இருக்கிறது. குழந்தைகள் பிரிவில் சேரும் நிமோனியாப் பிள்ளைகளின் இரத்தத்தை, முதல் வேளை மருந்து போடுமுன் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். கடையில் வாங்கிய சிரப்பை ஏற்கெனவே குடித்துவிட்டு வரும் பிள்ளைகளின் இரத்தத்தில் பெரும்பாலும் எதுவும் வளராது. அதனால் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வியையும் சேர்க்கைச் சீட்டிலேயே எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த முடிவுகள் ஒரே தாளில், தமிழில், டெல்டாவின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் போக வேண்டும். முதல் தாளில் நான்கு மருந்துகள் போதும்: பெனிசிலின், அமாக்சிசிலின், எரித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன். மூளைக்காய்ச்சல் மாதிரிகளை நிமோனியா மாதிரிகளோடு கலக்காமல் தனி வரிசையில் போட வேண்டும். இரத்த வளர்ப்புப் புட்டி வாங்கவும் தாள் அச்சடிக்கவும் ஆகும் செலவு, ஓர் அறக்கட்டளையின் கைக்கு எட்டாத தொகை அன்று.